ஓசை குறைந்த பெட்டி

கணிப்பொறி வாங்க விரும்பும் மாணவர்களில் பெரும்பாலோர் அது படிப்புக்காக என்றே வீட்டில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. விளையாடுவதற்குத்தான் வேண்டும் என்று அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். ஜி.டி.ஏ. 5, வேலரன்ட், ஃபோர்சா என்னும் பெயர்கள் அவருக்கு எதையும் உணர்த்தியிருக்க மாட்டா. விலை என்ன என்று கூட அவர் முதலில் கேட்கவில்லை. "அது சத்தம் போடுமா, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையையே இங்கு எழுத எண்ணுகிறேன். வேகமான கணிப்பொறி எது என்று சொல்ல நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் விளையாடவும் வேண்டும், ஓசையும் குறைய வேண்டும் என்றால் பலரும் சிரிக்கிறார்கள்.

எங்கள் ஊர் குமாரபாளையம். விசைத்தறி ஊர். அப்பா இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறவர். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணி வரை உறங்குவார். வீடு என்பது ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்தின் ஒரு மூலையில் அவருடைய கட்டில். எதிர் மூலையில் என் மேசை. இடையே எட்டு அடி இருக்கும். நானோ இரண்டாம் ஷிப்ட் மாணவன். வகுப்பு பிற்பகலில்தான். மாலையில் கூடம் தங்கையின் பிளஸ் டூ பாடங்களுக்கு உரியது. இரவில் அம்மாவும் அவளும் அங்கேயே படுப்பார்கள். ஆகவே எனக்குக் கிடைப்பது காலை ஒன்பது மணிக்கு மேல்தான். அதாவது அப்பா உறங்கும் அதே நேரம்!

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரை ஓசை இருக்கலாம். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று அவ்விதிகளே வரையறுக்கின்றன. அந்த இரவில் எங்கள் அப்பா தறிகளின் நடுவே நிற்கிறார். அவருக்கு இரவு வரும்போது சட்டத்துக்குப் பகல் வந்துவிடுகிறது. ஆகவே அவருக்கு வேண்டிய விதியை வீட்டுக்குள் நாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

பணம்: ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் வேலை செய்து சேர்த்தது 40,000. அப்பா தம் தீபாவளி போனஸிலிருந்து தந்தது 10,000. தம் உறக்கத்துக்கு இடையூறு ஆகக்கூடிய ஒரு பொருளுக்கு அவரே பணம் தந்தார் என்பதால் எனக்குப் பொறுப்பு இரட்டிப்பாயிற்று.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் நான் அப்பாவின் உறக்கத்தைக் கவனித்தேன். மேலே சுழலும் மின்விசிறி பழையது, நன்றாகவே இரையும். அது அவரை எழுப்புவதில்லை. குக்கர் விசில் எழுப்பும். தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி எழுப்பும். எல்லாவற்றையும் விட எனக்கு வியப்பளித்தது, மின்சாரம் நின்று விசிறி ஓயும்போதும் அவர் விழித்துக்கொள்கிறார் என்பது. புழுக்கம் ஏறும் வரை கூட அவர் காத்திருப்பதில்லை. ஓசை நின்ற மாத்திரத்தில் கண் திறக்கிறார். ஆக, ஓசை இருப்பதை விட அது மாறுவதுதான் அவரை எழுப்புகிறது. இதை அறிந்தபின் என் தேடலின் திசையே மாறிற்று. முற்றும் ஓசையற்ற பெட்டிக்கு என்னிடம் பணமில்லை. ஆனால் ஒரே சீராக, மின்விசிறியின் இரைச்சலுக்குள் அடங்கிப்போகும் பெட்டி ஒன்றை உருவாக்க முடியும் என்று தோன்றிற்று.

கணிப்பொறியின் ஓசை எங்கிருந்து வருகிறது? சூட்டிலிருந்து என்றே சொல்லலாம். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. வெப்பத்தை வெளியேற்றச் சிறு விசிறிகள் சுழல்கின்றன. அங்கேதான் ஓசை பிறக்கிறது. விசிறி நகர்த்தும் காற்று அதன் சுற்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் ஓசையின் திறனோ வேகத்தின் ஐந்தாம் படியை ஒட்டி மாறும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் குறைந்துவிடும். குறைந்த காற்றை ஈடுசெய்ய அதே போன்ற இன்னொரு விசிறியைச் சேர்த்தால், ஒத்த இரண்டு ஒலிகள் கூடும்போது 3 டெசிபல்தான் ஏறும். முடிவில் அதே காற்று, 12 டெசிபல் குறைவான ஓசை! பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஏறக்குறையப் பாதியாகக் கேட்கும் என்பதை ஒலியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த மடக்கை வாய்பாடு வீட்டுக் கூடத்தில் பயன்பட்டது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. மேலைநாட்டார் கணிப்பொறி உறுப்புகளைச் சோதித்துப் போடும் காணொலிகளில் அறையின் வெப்பம் பெரும்பாலும் 20 பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. எங்கள் கூடத்தில் ஏப்ரல் மாத நண்பகலில் 38 பாகை. அறைச் சூடு எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவே உள்ளிருக்கும் சில்லின் சூடும் கூடும். அங்கே முணுமுணுக்கும் விசிறி இங்கே அலறும். "மிக அமைதியானது" என்று அவர்கள் தரும் நற்சான்றிதழை நம் ஊர்ச் சித்திரை வெயில் ஏற்றுக்கொள்வதில்லை.

பிராசஸரைப் பொறுத்தவரை அதிகம் குழம்பவில்லை. ஐ5-12400எஃப் வாங்கு என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்லதுதான், உச்சத்தில் 117 வாட் வரை போகும். ஐ3-12100எஃப் நான்கு கோர்களும் எட்டுத் திரெடுகளும் கொண்டது; உச்சத்தில் 89 வாட். என் விளையாட்டுகளுக்கு இதுவே போதும். மிஞ்சிய பணத்தில் பெட்டியுடன் இலவசமாக வரும் சிறு விசிறியை ஒதுக்கிவிட்டு, 120 மில்லிமீட்டர் விசிறி பொருத்திய கோபுர வடிவக் கூலர் ஒன்றை வாங்கினேன்.

கிராபிக்ஸ் கார்டுதான் என்னைப் பல நாள் அலைக்கழித்தது. 2024 பிப்ரவரியில் ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. வகை வெளிவந்திருந்தது. 70 வாட்தான், மதர்போர்டின் செருகு துளையே 75 வாட் வரை தரும் என்பதால் தனி மின்கம்பி கூட வேண்டியதில்லை. ஓசைக்கு அஞ்சுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பான். இன்னொரு பக்கம் 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600, 132 வாட், 8 ஜி.பி., விலை மூவாயிரம் அதிகம். ஆனால் என் மானிட்டர் பழையது. நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. அந்த 60-ஐத் தருவதற்குச் சிறிய கார்டு தன் முழு மூச்சையும் கொடுத்து ஓட வேண்டியிருக்கும். பெரிய கார்டை 60-க்கு மேல் போகாதே என்று கட்டிப்போட்டால் அது பாதி உழைப்பில் அதைச் செய்துவிடும். அதன் வெப்பத்தகடு பெரிது, விசிறிகளும் இரண்டு. அப்பாவின் பட்டறையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முழு வேகத்தில் ஓடும் தறிக்கும், அடக்கி ஓட்டும் தறிக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். 6600-ஐயே தேர்ந்தேன். பழைய கார்டு எட்டாயிரம் மலிவாகக் கிடைத்தது. இரவு பகலாக ஓடிய கார்டாக இருந்தால் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கும், அந்தக் கரகரப்பை எந்த அமைப்பாலும் அடக்க முடியாது என்பதால் வேண்டாம் என்றேன்.

தீபாவளி கழிந்து 2024 நவம்பரில் ஈரோட்டில் ரயிலேறிச் சென்னை ரிச்சித் தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் நடப்பதே ஒரு கல்வி. ஒரு கடையில் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கேபினெட் எடுத்தா எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீ தம்பி, தனியா எதுக்கு நாலாயிரம்?" என்று கேட்டார்கள். அந்த இலவசப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காகிதம் போல் கனமின்றி இருந்தது. மின்சாரத்தை மாற்றித் தருகையில் வீணாவதும் வெப்பம்தான். 80 பிளஸ் பிரான்ஸ் தரம் பெற்றது, 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் 85 விழுக்காடாவது பயனாக்கும். 550 வாட் தரக்கூடிய ஒன்றிடம் இருநூறு வாட் மட்டும் கேட்டால் அதன் விசிறியும் சோம்பலாகவே சுற்றும். எனவே இலவசத்தை வணக்கத்துடன் திருப்பிக் கொடுத்தேன்.

கேபினெட்டிலும் பெரும் வாக்குவாதம். முன்புறம் முழுக் கண்ணாடி, வானவில் நிறத்தில் ஒளிரும் நான்கு விசிறிகள் என்று கடைகள் தோறும் அடுக்கி வைத்திருந்தார்கள். அழகுதான், ஆனால் காற்று எங்கே நுழையும்? அவற்றுள் பலவற்றில் விசிறிக் கம்பி நேரே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகுவது. வேகத்தைக் குறைக்க வழியே கிடையாது. எப்போதும் ஒரே ஓட்டம். மதர்போர்டில் செருகும் மூன்று முனை விசிறிகளும், முன்புறம் வலைத் தகடும் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்றை நான்காவது கடையில் கண்டுபிடித்தேன்.

"கேமிங்னா சத்தம் வரத்தான் செய்யும் தம்பி. ஹெட்ஃபோன் மாட்டிக்க, கேக்காது" என்றார் கடைக்காரர்.

"எனக்குக் கேக்காதுங்ணா. எங்கப்பா தூங்கோணுமுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மற்றவை: எச்610 மதர்போர்டு 6,300, 16 ஜி.பி. ராம் 3,300, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 3,200. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இல்லை. மொத்தம் 49,850 ஆயிற்று. மானிட்டர் முன்பே ஜெராக்ஸ் கடை முதலாளி குறைந்த விலைக்குத் தந்தது. ராமை அப்போதே வாங்கியது நல்லதாய்ப் போயிற்று. 2025 இறுதியில் ஏறத் தொடங்கிய விலை விரைவிலேயே இரு மடங்கையும் தாண்டிவிட்டது.

பொருத்தி முடித்தபின்தான் உண்மையான வேலை தொடங்கிற்று. வாங்கி வந்தபடியே ஓட்டினால், பிராசஸர் ஒரு நொடி சூடேறியதும் விசிறி எகிறும், மறு நொடி தணியும். பயாஸில் புகுந்து, 70 பாகை வரை ஒரே வேகம், அதற்கு மேல் மெல்ல மெல்ல ஏற்றம் என்று அமைத்தேன். கிராபிக்ஸ் கார்டில் ஒரு வசதி உண்டு. சூடு குறைந்திருக்கும்போது விசிறிகள் அடியோடு நின்றுவிடும். ஓசையே இல்லை என்று விளம்பரத்தில் புகழப்படுவது அதுதான். குளிர்நாட்டில் அது வரமாக இருக்கலாம். எங்கள் கூடத்தின் சூட்டில் விசிறி சுழலும், நிற்கும், மறுபடி சுழலும். நிற்பதும் எழுவதும்தான் அப்பாவுக்கு ஆகாதே! அந்த வசதியை அணைத்து, எப்போதும் மெதுவாகச் சுழலும்படி வைத்தேன்.

பெட்டியின் நான்கு கால்களுக்கும் அடியில் பழைய பவானி ஜமுக்காளத்தின் நான்கு துண்டுகளை மடித்து வைத்திருக்கிறேன். அதிர்வு தரையில் இறங்குவதில்லை. விசைப்பலகை சாதாரண ரப்பர் வகை. டக் டக் என்று அடிக்கும் நீலச் சுவிட்ச் வகையை நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். அதைத் தறிப்பட்டறையில்தான் வைக்கலாம்.

2025 கோடை முழுவதும் சோதனை நடந்தது. கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் எண்ணை நான் நம்புவதில்லை. ஆனால் மேலே விசிறி ஓடும்போது பெட்டி அணைந்திருந்தாலும் ஓடினாலும் அது காட்டும் எண் மாறவில்லை. அப்பா ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தார்.

ஒரு சிறு குறை தங்கையின் காதில் பட்டது. விளையாட்டின் தொடக்கப் பக்கத்தில் 60 என்னும் கட்டுப்பாடு இல்லாதபோது, கார்டின் உள்ளே உள்ள கம்பிச் சுருள்கள் கொசுவைப் போல் கீச்சென்று ஒலித்தன. "அண்ணா, ஏதோ கத்துது" என்று அவள் படிக்கிற புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். கட்டுப்பாட்டை எல்லாப் பக்கங்களுக்கும் விரித்ததும் அது போய்விட்டது. மாலையில் அப்பா அருகில் இருந்தபோது, கட்டை நீக்கி அந்த ஒலியைக் கேட்கச் செய்தேன். காதைப் பெட்டியருகே கொண்டு வந்தார். "எங்கே? ஒண்ணும் கேக்கலையே கண்ணு" என்றார். பேரிரைச்சலில் பல ஆண்டு வேலை செய்பவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள்தான் முதலில் மங்கும் என்று பாடநூலில் இருக்கிறது. நான் கட்டை மறுபடி போட்டுவிட்டு எழுந்தேன். காது மருத்துவரிடம் ஒரு நாள் வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் விடுப்புக் கிடைக்கும்போது பார்க்கலாம் என்கிறார்.

பெட்டியைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் தாராளமாக வரலாம். காலையில் வருவதானால் கதவைத் தட்ட வேண்டா. தாழிடாமல்தான் இருக்கும்.