நாயோட போறன்

எங்கட வீட்டில் பின்னேரம் நான் தனியே வெளிக்கிட்டால் மூன்று கேள்விகள் வரும். எங்க போறாய், ஆரோட போறாய், எத்தினை மணிக்கு வருவாய். கையில் ரொமியின் சங்கிலி இருந்தால் ஒரு கேள்வியும் வராது. "நாயோட போறன் அம்மா" எண்டால் காணும்.

படலையைத் திறக்க முதலே இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய் அது. ஒழுங்கையில் ஒவ்வொரு கதியாலாக மணந்து, வயல்கரை வரைக்கும் போய், இருட்ட முதல் திரும்புவோம். கம்பஸ், வீடு எல்லாத்தையும் நான் மறந்திருப்பது அந்த நாற்பது நிமிசம்தான்.

ஒருநாள் பாதி வழியில், பாழுங்கிணத்தடியில் ரொமி நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. அப்படியே குந்திவிட்டது. அடுத்த நாளும் அதே இடம். பக்கத்து வீட்டு அன்ரி, "நாய்க் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். அந்தக் கிணத்தடியால போகாதை பிள்ளை" எண்டா. அப்பா வெயில் எண்டார். நான் குழப்படி எண்டேன்.

உண்மையைச் சொன்னால், அது களைச்சுப் போயிருக்கு எண்டு இரண்டாம் நாளே எனக்கு விளங்கினது. வீட்டில் சொன்னால் நடை நின்றுவிடும். அதனால் சொல்லவில்லை. பொக்கெற்றில் பிஸ்கற் கொண்டுபோனேன். அதுக்கும் வராதபோது சங்கிலியைப் பிடிச்சு இழுத்தேன். நாலாம் நாள் சங்கிலிச் சத்தம் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு எழும்பி வந்து, படலையடியில் படுத்துவிட்டது.

மிருக வைத்தியர் முதலில் அதின்ர உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு வெளிறிக் கிடந்தது. காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் உண்ணிகள். "மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போகுதோ?" எண்டு கேட்டார். ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போன எனக்குத் தெரியவில்லை. நான் நாயைப் பார்த்து நடக்கவில்லையே.

இரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் எண்டார். உண்ணி கடிக்கும்போது நோய்க்கிருமி இரத்தத்துக்குள் போகுது. சில வகைக் கிருமிகள் செங்குழியங்களுக்குள் இருந்தே அவற்றை உடைக்கும். செங்குழியம் குறைஞ்சால் உடம்புக்கு ஒட்சிசன் போதாது. பிறகு ஒழுங்கையில் ஓடுறதெப்படி? கிணத்தடியில் பேய் நிற்கவில்லை. அந்தளவு தூரத்துக்குத்தான் அதிடம் இரத்தம் இருந்தது.

ஊசி, பிறகு 28 நாளுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை. உண்ணி தன் வாழ்நாளில் கனகாலம் நாயில் இருக்கிறதில்லை, சுவர் வெடிப்புகளில்தான் ஒளிச்சிருக்கும் எண்டு வைத்தியர் சொன்னதால், விறாந்தையை மூலைமுடுக்கு விடாமல் துப்புரவாக்கினோம். உங்கட வீட்டு நாயும் நடையில் திடீரெண்டு நிண்டால் இழுக்காதேங்கோ. உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கோ. முரசு வெளிறியிருந்தால் அண்டைக்கே கொண்டுபோங்கோ.

ரொமி பிழைச்சுவிட்டது. ஆனால் பழைய ஓட்டம் இன்னும் வரவில்லை. கிணத்தடி வரைக்கும் வரும், அங்கே நின்று என்னைப் பார்க்கும். நான் சங்கிலியைத் தளர்த்துவேன், திரும்பிவிடுவோம். பத்து நிமிசம்.

போன கிழமை அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நான் தனிய ஒருக்கா நடந்திட்டு வாறன்" எண்டு அம்மாவிடம் சொன்னேன். மூன்று கேள்விகளும் வந்தன. மூன்றுக்கும் மறுமொழி சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தேன்.