கிராமுக்கா, சதுர சென்டிமீட்டருக்கா?

மொழியியலில் முதுகலை முடித்துவிட்டுத் தமிழ் அறிவியல் கலைச்சொற்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவளுக்குப் பிளாட்டினத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சரோஜினி நகரில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழி எரிபொருள் மின்கலன்களை ஆராய்பவர். தமிழ்வழிக் கல்லூரி மாணவர்களிடம் தம் ஆய்வைப் பற்றிப் பேச அழைப்பு வந்ததும், உரையைத் தமிழில் அமைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். “துகளின் அளவு குறையும்போது வினையூக்கியின் செயல்திறன்” என்று தொடங்கிய வாக்கியத்தை என்னால் முடிக்க இயலவில்லை. கூடுகிறது என்று முடித்தாலும் மெய்; குறைகிறது என்று முடித்தாலும் மெய்.

எரிபொருள் மின்கலனின் ஒரு மின்வாயில் ஹைட்ரஜன் எலக்ட்ரான்களை இழக்கிறது; மற்றதில் ஆக்சிஜன் அவற்றைப் பெற்று நீராகிறது. பின்னது மிக மந்தமான வினை. பிளாட்டினத்தின் பெரும்பகுதி அதைத் தூண்டவே செலவாகிறது. வினை நிகழ்வது பரப்பில்; விலை கொடுப்பதோ எடைக்கு. ஆகவே, இயன்றவரை பொடியாக்குவதே இலாபம் என்று தோன்றும். பிளாட்டினத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம். துகள்களைக் கோளங்களாகக் கொண்டால், 10 நானோமீட்டர் விட்டத்தில் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீட்டர். 3 நானோமீட்டரில் 93. 2 நானோமீட்டரில் 140. (பள்ளிக்குப் பின் வகுத்தல் கணக்கு எனக்கு மகிழ்ச்சி தந்தது இதுவே முதன்முறை.)

ஆனால் பரப்பிலுள்ள அணுக்களெல்லாம் ஒரே இயல்பின அல்ல. துகள் சிறுத்தால் சமதள முகங்கள் சுருங்கி, விளிம்பிலும் முனையிலும் நிற்கும் அணுக்களின் விகிதம் பெருகுகிறது. அண்டை அணுக்கள் குறைந்த அவை ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொண்டு, அடுத்த வினைக்கு இடம்விடத் தயங்குகின்றன. எனவே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு தரும் மின்னோட்டம் குறைகிறது. இவ்விரு போக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிராமுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் 3 நானோமீட்டரை ஒட்டி உச்சத்தை அடைகிறது என்பதைக் கினோஷிட்டா 1990இல் துகளின் வடிவியலைக் கொண்டே விளக்கினார். அவ்வுச்சம் எவ்வளவு கூர்மையானது என்பதில் வாதம் உண்டு.

என் வாக்கியம் நின்ற இடம் இதுதான். “செயல்திறன்” என்னும் சொல் தன் வகுக்கும் எண்ணை மறைத்துக்கொள்கிறது. கிராமால் வகுத்தால் ஒரு விடை, சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் வேறொரு விடை. மாணவர் குழம்பினால் அது அவர் அறிவின் குறையன்று. நாம் கொடுத்த சொல்லின் குறை.

மூன்றாவது அளவும் உண்டு: மின்வாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பூசப்படும் பிளாட்டினம். லாஸ் அலமோஸில் 1980களில் ரைஸ்ட்ரிக், சுப்பிரமணியம் ஸ்ரீநிவாசன் முதலியோர் அதை 4 மில்லிகிராமிலிருந்து ஏறத்தாழ 0.4 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் ஸ்ரீநிவாசன். தமிழில் அவரைப் பற்றி நாம் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். கரித்தூளில் பதித்த நுண்துகள்களோடு, புரோட்டானைக் கடத்தும் பலபடியையும் மின்வாய்க்குள் பரவவிட்டதே அவர்கள் உத்தி. புரோட்டான் எட்டாத துகள் எத்தனை சிறியதாயினும் பயனில்லை.

தில்லிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2023 செப்டம்பர் 25 அன்று இந்தியன் ஆயிலின் பசுமை ஹைட்ரஜன் பேருந்து கர்த்தவ்ய பாதையிலிருந்து தொடங்கிவைக்கப்பட்டது. நகரப் பேருந்து நின்று நின்று போவது. மின்கலனின் மின்னழுத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் மிகச் சிறிய துகள்களே முதலில் கரைகின்றன. கரைந்த பிளாட்டினம் பெரிய துகள்களில் சென்று படிகிறது. புதிதாயிருக்கையில் முந்தி நிற்கும் 2 நானோமீட்டர்த் துகள், பல்லாயிரம் சுற்றுகளுக்குப் பின் அந்த முன்னிலையை இழந்துவிடுகிறது. தோழியின் ஆய்வேட்டில் பாதி இதைத் தடுப்பதைப் பற்றியது.

உரைக்காக இப்போதைக்கு “நிறைசார் வினைத்திறன்”, “பரப்புசார் வினைத்திறன்” என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். மூன்றாவதற்குப் “பூச்சளவு” என்கிறேன். தோழிக்கு அது சுவருக்கு வண்ணம் அடிப்பதுபோல் ஒலிக்கிறதாம். காரைக்குடியிலோ தரமணியிலோ இத்துறையில் உழைப்பவர்கள் ஆய்வகத்தில் தமிழில் பேசிக்கொள்ளும்போது என்ன சொல்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். உரைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.