மாஸ் நதிக்கரையில் ஒரு வணிகக் கலாசாலை

ஒல்லாந்து தேசத்து றொட்டர்டாம் நகருக்கு இரயிலில் வந்திறங்கும் பிரயாணி முதலிற் காண்பது பழமையன்று, புதுமையே. 1940ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி ஜேர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பராயிற்று. அழிவினின்றும் தப்பிய டெல்ப்ஸ்ஹாவன் என்னும் சிறு துறையிலே நாம் சற்று நேரம் நின்றோம். டெல்ப்ற் நகர வணிகரின் கப்பல்கள் முற்காலத்தில் இங்கிருந்தே கீழைத்தேசங்களுக்குப் பாய்விரித்தன. நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் அந்த டெல்ப்ற் என்பதே. ஆகவே, யாழ்ப்பாணத்தார்க்கு இத்துறை முற்றிலும் அந்நியமானதன்று.

மாஸ் நதியிலே தட்டையான சரக்குத் தோணிகள் ஓயாது சென்றவண்ணமிருக்கின்றன. அவற்றுட் பல றைன் நதி வழியே ஜேர்மனிக்குச் செல்பவை. துறைமுகமோ நகரிலிருந்து கடல்வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. 1962 முதல் 2004 வரை உலகிலே மிகுந்த சரக்கைக் கையாண்டது இதுவே. ஐரோப்பாவில் இன்றும் இதற்கே முதலிடம்.

இந்நகரத்து வணிகர்களின் ஆதரவோடு 1913இல் இங்கு ஒரு வணிகக் கலாசாலை நிறுவப்பெற்றது. அதன் வழிவந்ததே 1973 முதல் எராஸ்மஸ் என்னும் பெயர் பூண்டு விளங்கும் சர்வகலாசாலை. கப்பற் பொருளியலும் சரக்குப் போக்குவரத்தும் இங்கு தனிப் பாடநெறியாக ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றன. காலையில் வகுப்பிலே கேட்ட சரக்குக் கூலிக் கணக்கை, மாலையில் பாரந்தூக்கிகளின் கீழே நின்று கண்ணாற் காணலாம். இவ்வாய்ப்பைப் புத்தகம் தரமாட்டாது.

‘சேர், வணிகம் படிக்க எந்தச் சர்வகலாசாலை திறம்?’ என்று மாணவர்கள் எம்மை வினவுவதுண்டு. ‘தம்பி, என்ன தொழில் செய்யப்போகிறீர்?’ என்று நாம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் மௌனமாகி விடுவர். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் தகப்பனாருக்கு அந்த மௌனம் எவ்வளவு செலவைக் கொணரும்!

அமெரிக்காவில் 1908இல் தோன்றிய ஹாவர்ட் வணிகக் கலாசாலையிலே, உண்மையான நிறுவனமொன்றுக்கு நேர்ந்த சிக்கலைக் கதைபோலக் கொடுத்து, வகுப்பினரை வாதாட விடுகின்றனர். நிறுவனத்தை நடத்த விரும்புவோருக்கு அது நல்ல பயிற்சி. வாய்திறவாத பிள்ளைக்கோ புள்ளி குறையும். பிரான்சிலே பொந்தன்புளோ நகரில் 1957இல் நிறுவப்பெற்ற இன்சியாட்டில் முதுமாணிப் படிப்புப் பத்தே மாதம். சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டு வேறு வழி திரும்ப எண்ணுவோருக்கே அது உரியது. கணக்காளராக விரும்புவோர் கடல் கடக்கவேண்டியதே இல்லை. இலண்டனிலுள்ள பட்டய முகாமைக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளைக் கொழும்பிலிருந்தே எழுதலாம். இதைச் சொன்னால் சில பெற்றோரின் முகம் வாடுகின்றது!

றொட்டர்டாமிலே வவுனியாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரைச் சந்தித்தோம். தரவரிசையில் இதனினும் மேலான ஓரிடம் கிடைத்தும் அதை விட்டு வந்தவர். ‘எனக்குக் கொழும்புத் துறைமுகத்திலேதான் வேலை செய்ய விருப்பம், சேர்’ என்றார். தாயார் ஈடுவைத்த காணியை எத்தனை ஆண்டில் மீட்பது என்ற கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வாடகை, சாப்பாடு, வட்டி எல்லாம் ஒழுங்காக இருந்தன. குளிர்காலக் கம்பளி அங்கிக்கு மாத்திரம் இடமில்லை. அதை நாம் சுட்டிக்காட்டவே, சிரித்துக்கொண்டு கீழே இன்னொரு வரி சேர்த்தார்.