பெயர் எழுதப்பட்ட இடம்



குன்னூரில் நம் சபையின் ஞானஸ்நானம், திருமணம், அறுப்பின் பண்டிகைப் படங்களையெல்லாம் பிக்காசா என்னும் மென்பொருளில் தொகுத்து வந்தேன். முகங்களை அது பிரித்துக் காட்டும்; நான் பெயரிடுவேன். கூகுள் நிறுவனம் 2016-ல் அதை நிறுத்திய பின்பும், பழைய கணினியில் அதையே வைத்திருந்தேன்.

சென்ற மாதம் புதிய கணினி வந்தது. டிஜிகாம் என்னும் இலவச மென்பொருளுக்கு மாறினேன். படங்கள் யாவும் வந்தன. படத்தினுள்ளேயே பதிந்திருந்த குறிப்புகளும் வந்தன. முகங்களுக்கு இட்ட பெயர்களோ வரவில்லை; பழைய மென்பொருள் அவற்றைத் தனிக் கோப்பில் வைத்திருந்தது.

அந்த வாரமே தேயிலைத் தோட்டத்துத் தாயார் ஒருவர், மறைந்த தம் கணவரின் படம் கேட்டு வந்தார். அவருக்கு அடக்க ஆராதனை நடத்தியவன் நான். ஆயினும் கூட்டத்தில் அவர் எவரென்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதோ இருக்காரு ஐயா" என்றார், மூன்றாம் படத்திலேயே.

பின்பு மாலைவரை அமர்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார். இம்முறை பெயர்கள் படத்தினுள்ளேயே பதியும்படி அமைத்து எழுதினேன்.

பிரியமானவர்களே, பெயர்களை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நான் மறந்திருந்தேன். ஏசாயா 49:16-ஐ வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் தம் ஜனத்தைத் தனி ஏட்டில் குறித்து வைக்கவில்லை. தம் உள்ளங்கைகளிலேயே பதித்திருக்கிறார்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின், பெயர் அறியாத ஒருவரிடம் பெயர் கேளுங்கள். நானும் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் போதகர்