தூக்குக்குண்டும் மொழியும்

மொழி வானத்திலிருந்து விழுந்ததல்ல. சேர்ந்து உழைத்த மனிதர்களுக்கு ஒருவரிடம் ஒருவர் சொல்ல ஏதோ இருந்தது. அந்தத் தேவையில்தான் பேச்சு பிறந்தது என்று 1876-ல் எழுதினார் எங்கெல்ஸ். சொல்லும்கூட வர்க்கங்கள் மோதும் களம்தான் என்றார் வொலோஷினோவ், 1929-ல் லெனின்கிராடில் வெளியான தம் நூலில்.

இதற்குச் சாட்சி எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அப்பா கொத்தனார். அவர் வாயில் வரும் தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் சாரத்தின் மேல் நாலு பேர் சேர்ந்து வேலை செய்து நிலைத்த சொற்கள். பரீட்சையிலோ 'பிளம்ப் பாப்', 'ஸ்பிரிட் லெவல்' என்றால்தான் மார்க்கு. சுவர் என்னவோ இரண்டு பேருக்கும் நேராத்தான் நிக்குது!

இரண்டையும் படிப்போம். ஆனால் அப்பாக்களின் சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்களை ஒன்று கேட்போம்: நாம உட்கார்ந்திருக்கிற இந்த வகுப்பறையை எந்த மொழியில கட்டினாங்க?