எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கு, தெம்பு இருக்கா?

மதுரையில எங்க சித்தி ஒரு டிடிபி கடை வெச்சிருக்காங்க. முகூர்த்த சீசன்ல கல்யாணப் பத்திரிகை வேலை கழுத்தை நெரிக்கும். அந்த நேரம் பார்த்து, பெரிய ஃபைலைத் திறந்தாலே மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சது. ரிப்பேர் பார்க்க வந்தவர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழட்டி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால கோர்த்தார். ஃபேன் சுத்துச்சு. மல்டிமீட்டர்ல 12.1 வோல்ட். "பவர் சப்ளை பக்கா. மதர்போர்டு போச்சு, 7000 ஆகும்"னு தீர்ப்பு.

"ஏண்டா, நீ இதுதானே படிச்ச?"ன்னு சித்தி போன். படிச்சது ட்ரிபிள் ஈ, பொழப்பு ஜாவாவுல. மானப் பிரச்சினையாச்சே, சனிக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

ஜெம் கிளிப் டெஸ்ட் தப்பில்லை மக்களே. பச்சை ஒயரைக் கிரவுண்டுல சேர்த்தா எஸ்எம்பிஎஸ் முழிச்சுக்கும். ஆனா முழிச்சுக்குச்சுன்னு மட்டும்தான் அதுல தெரியும். திண்ணையில உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, இவன் மூட்டை தூக்குவான்னு எப்படிச் சொல்றது?

லோடு குடுக்கணும். லேப்ல அதுக்கு எலக்ட்ரானிக் லோடு இருக்கும். நான் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு ரெண்டு வாங்கினேன் :-) ரெண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஒரே நேரத்துல ரெண்டையும் மாட்டக் கூடாது. ஃபிலமென்ட் குளிர்ந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு, ஷார்ட்டுன்னு நினைச்சு எஸ்எம்பிஎஸ் படுத்துடலாம். ஒண்ணு எரிஞ்சப்புறம் அடுத்தது.

ஏடிஎக்ஸ் கணக்குப்படி 12 வோல்ட் லைன் 5 சதவீதம் வரை முன்னப்பின்ன போகலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. முதல் பல்புக்கு 11.7. ரெண்டாவதுக்கு 11.2! கூடவே 5 வோல்ட் லைன் 5.3க்கு ஏறிடுச்சு. (அங்கே மேல் எல்லை 5.25.) மலிவு மாடல்கள்ல 12, 5 ரெண்டையும் ஒரே கன்ட்ரோல்தான் சேர்த்துப் பார்த்துக்கும். ஒண்ணு அமுங்கினா அதைத் தூக்கப் போய் இன்னொண்ணு எகிறும், ஏத்தப்பலகை மாதிரி.

இதை மட்டும் வெச்சுத் தீர்ப்பு சொன்னா அது அநியாயம். 5 வோல்ட்ல லோடே இல்லாம 12ஐ மட்டும் இழுத்தா, இந்த டிசைன்ல எதுவும் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அதனால எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்ப மெஷின்லயே மாட்டி, கனெக்டர் பின்பக்கம் மஞ்சள் ஒயர் ஓரமா மீட்டர் முனையைச் சொருகி, சித்தியைப் பத்திரிகை ஃபைலைத் திறக்கச் சொன்னேன். 11.9, 11.6, 11.3... டப். ரீஸ்டார்ட். மீட்டர் மெதுவானது, அந்தக் கடைசி நொடியில எவ்வளவு விழுந்ததுன்னு அதுல தெரியாது. ரிப்பிளும் தெரியாது. 12 வோல்ட்ல 120 மில்லிவோல்ட் வரைக்கும்தான் ரிப்பிள் இருக்கலாம், அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேணும். இங்கே அது தேவைப்படலை.

அப்புறம்தான் லேபிளைப் படிச்சேன். பெரிய எழுத்துல 450 வாட்ஸ். கீழே பொடி எழுத்துல, 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 192 வாட்ஸ்! இன்னைக்கு பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சாப்பிடுறது இந்த லைன்லதான். வாங்கப் போனா அந்தப் பொடி எழுத்தைத்தான் முதல்ல பாருங்க.

யாரும் எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறந்துடாதீங்க சாமிகளா. உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல இருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது.

புது எஸ்எம்பிஎஸ் 2800 ரூபாய். மாட்டி அதே ஃபைலைத் திறந்தோம், 11.95க்குக் கீழே இறங்கலை. சித்தி 40 பத்திரிகை டிசைன் பாக்கி வெச்சிருந்தாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூட உட்கார்ந்து முடிச்சுக் குடுத்தேன்.