நின்றது எப்படி, கிளம்பியது எப்படி?

ஸ்டார்ட்டே ஆகாத வண்டி எங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. கோளாறு போட்டது போட்டபடி இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்று, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிற வண்டிதான் ஆளைப் படுத்தும். நான் சைட்டுக்குப் போய்ச் சேரும்போது அது ஜம்மென்று மண் அள்ளிக்கொண்டிருக்கும். பல்லடம், காங்கேயம், அவிநாசி பக்கமிருந்து எனக்கு வரும் போன்களில் இந்த ரகம்தான் அதிகம். பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறி வந்த ஹிட்டாச்சி வண்டிகள்.

"ஏனுங்ண்ணா, எப்.ஐ. பம்ப் போயிருச்சுங்களா?" என்று, இன்ஜினுக்கு டீசலைப் பீய்ச்சும் பம்ப்பைச் சந்தேகப்பட்டுத்தான் ஓனர் ஆரம்பிப்பார். நான் அவரிடம் பேச்சை நீட்டாமல் ஆப்பரேட்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன். அந்தத் தம்பியிடம் கேட்பது இரண்டே கேள்வி. எப்படி நின்றது? மறுபடி எப்படிக் கிளம்பியது? முதல் கேள்வியை எல்லா மெக்கானிக்கும் கேட்பார்கள். பாதி வேலையை முடித்துக் கொடுப்பது இரண்டாவது கேள்விதான்.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசல் தானாகப் பற்றும். ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கு வேண்டியது டீசலும் காற்றும்தான். பக்கெட் முட்டும்போது முக்கி முனகி, கரும்புகை கக்கி நின்றால் ஏர் பில்டரையும் ஹைட்ராலிக் பம்பையும் பார்க்க வேண்டும். அது தனிக் கதை. லோடே இல்லாமல் நிற்கிறதென்றால் டீசல் வரவில்லை, அவ்வளவுதான். யார் தடுத்தது என்பதைத் திரும்பக் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் சொல்லிவிடும்.

சாவியை அணைத்துப் போட்ட உடனே கிளம்பினால் வயரிங். பழைய மாடல்கள் பலவற்றில் டீசலைத் திறந்து மூடுவது ஒரு சொலினாய்டு. அதற்குள் இரண்டு சுருள்கள். ஒன்று நிறையக் கரண்ட் எடுத்து லீவரை இழுக்கும். சில நொடிகளில் ஓய்ந்துவிடும். மற்றொன்று கொஞ்சக் கரண்டில் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது எர்த் லூசாகி, கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் விட்டால் போதும், பிடி நழுவி ஸ்பிரிங் லீவரை மூடிவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் பிடிக்கிற சுருளுக்கு மறுபடி இழுக்கத் தெம்பு கிடையாது. அதனால்தான் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது 24 வோல்ட்டும் ஒழுங்காக இருக்கும், வண்டி மட்டும் நின்றுகிடக்கும். ராக் பிரேக்கர் மாட்டி அதிர அதிர ஓடிய வண்டி என்றால் முதலில் எர்த் கேபிளின் போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன்.

எங்கள் திருப்பூருக்கென்று ஒரு வயரிங் வியாதி உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஆலை ஓட்டலாம் என்று ஆயிற்று. தண்ணீரை வற்றவைத்தால் கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. அந்த உப்புக்குப் பக்கத்தில் வேலை பார்த்த வண்டியில் கனெக்டரைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். வெளியே வயர் புதுசுபோல இருக்கும். உள்ளே இரண்டு மூன்று நூல்தான் மிச்சம்.

கை பம்ப்பை நாலு அடி அடித்தால்தான் கிளம்புகிறதா? அப்படியென்றால் காற்று இழுக்கிறது. டேங்கிலிருந்து பீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஹோஸ் வெடித்திருந்தால் ஓடும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அந்த இடத்தில் ஒரு சாண் கண்ணாடி டியூபை மாட்டி ஓட்டினால் குமிழ் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சும்மா பத்து நிமிஷம் விட்டால் தானே கிளம்புகிறது என்றால் நான் டேங்க் பக்கம் போவேன். சொலினாய்டு சூடேறி விடுவதும் இப்படித்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றபடி இந்தப் பத்து நிமிஷ நோயில் பாதிக்குமேல் டேங்க்தான். ஒரு தம்பி சொன்னான்: "டீசல் இருக்குதான்னு மூடியத் தொறந்து பாத்துட்டு வந்து அடிச்சா எடுத்துக்குதுங்ண்ணா." அவன் அறியாமலே வைத்தியத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். டீசல் திருட்டுக்குப் பயந்து ஓனர் கடையில் கிடைத்த பூட்டு மூடியை வாங்கி மாட்டியிருந்தார். வண்டியோடு வந்த மூடியில் காற்று உள்ளே போக வழி இருக்கும், இதில் இல்லை. டீசல் குறையக் குறைய டேங்க் வெற்றிடமாகி, பம்ப் இழுத்துத் தோற்றுவிடும். மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று சத்தம் வந்தது.

'ஸ்விங் அடிக்கும்போதுதான் நிற்கிறது' என்பார்கள் சிலர். உடனே, திரும்புகிற இடத்தில் வயர் முறுக்கியிருக்கும் என்று ஒரு யோசனை ஓடும். ஆனால் இன்ஜின், டேங்க், கேபின், பேட்டரி எல்லாம் மேலே ஒரே தட்டில் இருப்பவை. திரும்பும்போது ஒன்றாகவே திரும்பும். ஸ்விங்கில் இடம் மாறுவது டேங்குக்குள் இருக்கிற டீசல்தான். அத்தோடு அதில் கிடக்கிற குப்பையும்.

கோடங்கிபாளையம் பக்கம் ஒரு குவாரியில் நின்ற வண்டி அப்படி. எனக்கு முன்னால் வந்தவர்கள் பில்டர் மாற்றி, பீட் பம்ப் மாற்றி, லைனில் காற்றடித்திருந்தார்கள். காற்றடித்தால் ஒரு வாரம் ஓடுமாம். ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் கட்டி, நேராக பீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து வேலை பார்க்கச் சொன்னேன். உச்சி வெயில் வரைக்கும் நிற்கவில்லை. டேங்கை வடித்து அடி மூடியைக் கழற்றிக் கைவிட்டுத் துழாவியபோது வந்தது பனியன் வேஸ்ட். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கை துடைக்க வைத்திருக்கும் அதே கட்டிங் துண்டு. சிங்கிள் ஜெர்சி துணி வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும். இது விரல் தடிமனில் குழலாகவே சுருண்டிருந்தது. எப்போதோ எவரோ டேங்க் வாயில் அடைத்துவிட்டு மறந்தது. பருத்தி நனைந்தால் அடியில் கிடக்கும். ஸ்விங்கில் நகர்ந்து உறிஞ்சு குழாய் வாயில் ஒட்டும். இன்ஜின் நின்றால் இழுவையும் நின்று விழுந்துவிடும். பத்து நிமிஷக் கணக்கு இதுதான்.

பழைய வண்டியில் ஹவர் மீட்டர் வயதைச் சொல்லும், அதையும் மாற்றாமல் விட்டிருந்தால். யார் யார் கை வைத்தார்கள் என்பதைச் சொல்லாது. நான் தேடுவதில் பெரும்பகுதி அந்தக் கைகள் விட்டுப்போனவற்றைத்தான். சக்கர வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் புதிய புகை விதி வந்ததிலிருந்து காமன் ரெயில் இன்ஜினும் ஸ்கேனரும் வந்துவிட்டன. ரெயில் பிரஷர் குறைவு என்று ஸ்கேனர் காட்டும். ஏன் குறைந்தது என்று காட்டாது. சென்சாரை மாற்றிவிட்டுப் போனால் துணி டேங்கிலேயே கிடக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். காலையில் ஸ்டார்ட்டிங் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டேங்கில் கால்வாசி டீசலோடு, ஆயில் நன்றாகச் சூடாகும் வரைக்கும் மண் அள்ளி, மேட்டிலும் பள்ளத்திலும் நிறுத்தி, ஸ்விங் அடித்துப் பாருங்கள். வண்டி நின்றால் நல்லதே. எத்தனை நிமிஷத்தில் கிளம்புகிறது என்று மட்டும் பாருங்கள்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. புது பம்ப்பைக் கையில் காட்டினால் எவ்வளவு பணமென்றாலும் ஓனர் எண்ணிக் கொடுப்பார். மூடியை மாற்றச் சொல்லிவிட்டுக் கூலி கேட்டால், "ஒண்ணுமே மாத்தலைங்களே" என்பார். சாமானுக்குக் காசு உண்டு, யோசனைக்கு இல்லை என்றால் மெக்கானிக் சாமானைத்தான் மாற்றுவான். இப்படித்தான் நல்ல பம்ப்புகள் வண்டி வண்டியாகக் கழற்றப்படுகின்றன. அதனால் நான் கிளம்பும் முன்பே போனில் சொல்லிவிடுகிறேன்: "கண்டுபிடிக்கத் தனிக் கூலிங்க, சாமான் மாத்துனாலும் மாத்தாட்டியும்." ஒத்துக்கொண்டவர் வண்டிக்குத்தான் போகிறேன்.